முதல் பத்து நிமிடம் கடைக்கு, மீதி நாள் நமக்கு

இரண்டு வருடங்களில் சென்ட் பாட்டில்களுக்காக என் கையிலிருந்து போனது 35,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அதில் இன்றைக்கு நான் ஆசையாகப் போட்டுக்கொள்ளும் வாசனைகளுக்கு ஆன செலவு 5,000கூட வராது. மீதியெல்லாம் பீரோவில் தூங்கும் பாட்டில்களாகவும் தலைவலி மாத்திரையாகவும் தோல் மருத்துவர் கட்டணமாகவும் போனது. யாரிடமும் கேட்க முடியவில்லை. எங்கள் வீட்டில் வாசனை என்றால் பூ, சந்தனம், சாம்பிராணி, விசேஷத்துக்கு ஜவ்வாது, அவ்வளவுதான். "சென்ட்டுக்குப் போய் ஒம்பதாயிரமா?" என்று அம்மா கேட்பார் என்பதால் விலையை வீட்டில் சொன்னதே இல்லை. இணையத்தில் பேசுகிறவர்களோ பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள், இல்லையென்றால் ஏசியை விட்டு இறங்காத வளைகுடாக்காரர்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, வெயிலில் கால் மணி நேரம் நடந்து ஆபீஸ் போகிற ஒருத்திக்கு எது சரிப்படும் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தது ஒரு சம்பள உயர்வு. எனக்கென்று ஒரு வாசனை வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நான் கடந்து போனால் "இவள்தான் போகிறாள்" என்று தெரிய வேண்டும், அப்படி ஒன்று. வீடியோக்களில் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடிய ஒரு பெர்ஃப்யூமை முகர்ந்துகூடப் பார்க்காமல் ஆன்லைனில் வாங்கினேன். 9,000 ரூபாய் சொச்சம், 100 மில்லி. வெண்ணிலா, கேரமல், பாதாம் என்று படிக்கும்போதே நாக்கில் எச்சில் ஊறியது. பாட்டிலைத் திறந்த மாலை ஏசி அறையில் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை, மே மாதம், மகளிர் பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறேன். பல்லாவரம் தாண்டுவதற்குள் அந்த இனிப்பு என் கழுத்திலிருந்து கிளம்பித் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. வியர்வையோடு சேர்ந்து கெட்டுப்போன பாகு மாதிரி ஒரு வாடை. கிண்டியில் இறங்கும்போது மண்டை பிளந்தது. பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்த பாட்டிலில் குறை ஒன்றும் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. வாசனை என்பது ஆவியாகும் பொருள். உடம்பும் காற்றும் சூடாக இருந்தால் வேகமாக ஆவியாகும். அதாவது, அதே இரண்டு ஸ்ப்ரே நம் ஊர் மே மாதத்தில் கூடுதல் காட்டத்தோடு கிளம்பும். எலுமிச்சை மாதிரி லேசான வாசனை சீக்கிரம் தீர்ந்துவிடும், இனிப்பு மாதிரி கனமான வாசனை கிளம்பிக்கொண்டே இருந்து திகட்ட வைக்கும். இந்த மிட்டாய் வகை வாசனைகளுக்குப் பெரிய வழி திறந்துவிட்டது 1992ல் வந்த மூக்லர் நிறுவனத்தின் 'ஏஞ்சல்'. எத்தில் மால்டால் என்கிற, பஞ்சுமிட்டாய் வாசனை கொண்ட ஒரு பொருளை அதில் தாராளமாகப் போட்டார்கள். குளிர்காலக் கோட்டுக்கு மேலே அது சுகமாக இருக்கலாம். விமர்சனம் படிக்கும்போது சொல்கிறவர் எந்த ஊரில், எந்த மாதத்தில் இருந்து சொல்கிறார் என்று பாருங்கள். "இலையுதிர்காலத்துக்கு ஏற்றது" என்று எழுதியிருந்தால் அது நமக்கு டிசம்பர் கடைசி வாரத்து அதிகாலை, அதுவும் ஊட்டியில்.

சரி, முகர்ந்து பார்த்து வாங்கலாம் என்று அடுத்து ஒரு பெரிய மாலில் இருக்கும் கடைக்குப் போனேன். விற்கிற பெண் மிகவும் அன்பாகப் பேசினாள். காகிதப் பட்டையில் அடித்து அடித்துக் கொடுத்தாள். நடுநடுவே காபிக்கொட்டை டப்பாவை நீட்டி, "இதை ஸ்மெல் பண்ணுங்க மேடம், மூக்கு ரீசெட் ஆயிடும்" என்றாள். ஏழெட்டுப் பட்டைகளுக்குப் பிறகு எனக்கு எல்லாமே ஒன்றுபோலத்தான் இருந்தது. அதில் ஒன்று மட்டும் பளிச்சென்று நாரத்தை இலையைக் கசக்கியது போலக் கிளம்பியது. 7,800 ரூபாய். கார்டைத் தேய்த்தேன். வீட்டுக்கு வந்து கையில் அடித்தால் அந்த நாரத்தை கால் மணி நேரம் இருந்தது. அதற்குப் பிறகு வந்தது நான் கேட்காத ஒரு ஆள்: ஷேவிங் லோஷனும் இரும்புத் துருவும் கலந்த மாதிரி ஒரு நெடி. அது ராத்திரி வரைக்கும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

ஒரு பெர்ஃப்யூமில் எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு, எலுமிச்சை இனப் பழமான பெர்கமாட் போன்றவை எடை குறைந்த மூலக்கூறுகள், முதல் பத்து, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். பூக்களும் மசாலாக்களும் அடுத்த சில மணி நேரம். மரம், பிசின், கஸ்தூரி வகையெல்லாம் கடைசி வரை நிற்பவை. கடையில் விற்பனை நடப்பது முதல் பத்து நிமிடத்தில். ஆபீஸில், பஸ்ஸில், சாப்பாட்டு மேஜையில் நாம் குடித்தனம் நடத்துவது மீதி ஆறு மணி நேரத்தோடு. இதைத் தெரிந்துகொண்டுதான் கம்பெனிகளும் முதலில் கிளம்பும் மேல்வாசனையைப் பளிச்சென்று செய்கின்றன என்பது என் சந்தேகம். இந்த ஒரு விஷயத்தை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் என் பணத்தில் பாதி மிஞ்சியிருக்கும். அந்தக் காபிக்கொட்டையும் சும்மா. சோதித்துப் பார்த்ததில் வெறும் காற்றைவிட அது மேலாக உதவியதாகத் தெரியவில்லை. உங்கள் முழங்கை மடிப்பையோ துப்பட்டாவையோ முகர்ந்தால் போதும், இல்லையென்றால் வெளியே போய் நின்றுவிட்டு வரலாம். ஒரு தடவைக்கு மூன்று வாசனைக்கு மேல் பார்க்காதீர்கள். அதில் ஒன்றை மட்டும் கையில் அடித்துக்கொண்டு, பில் போடாமல் கடையை விட்டு வெளியே வாருங்கள். சாப்பிடுங்கள், ஊர் சுற்றுங்கள், பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள். ராத்திரி கையை முகர்ந்து பார்க்கும்போதும் பிடித்திருந்தால் அந்தக் கடை எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை.

மூன்றாவதாக வந்தது ஒரு கஸ்தூரி வகை, ஆன்லைனில்தான். (நிஜக் கஸ்தூரி இல்லை. அந்த மானைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால் இப்போது பெர்ஃப்யூம்களில் வருவது பெரும்பாலும் ஆய்வகத்தில் செய்த கஸ்தூரிதான்.) அடித்தால் இருபது நிமிடத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. போலியைத் தள்ளிவிட்டார்கள் என்று விற்றவரோடு சண்டை போட்டேன். பிரித்த பாட்டிலைத் திரும்ப எடுக்க முடியாது என்று பதில் வந்தது. கோபத்தில், காசாவது வீணாகாமல் இருக்கட்டும் என்று காலையில் ஏழெட்டு அழுத்து அழுத்திக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஒரு நாள் மதியம் ஆபீஸில் பக்கத்து வரிசைப் பெண் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க லிஃப்ட்ல போய் ரொம்ப நேரம் கழிச்சு நான் ஏறினாகூட அந்த வாசனை உள்ள நிக்குது. எனக்கு மைக்ரேன் இருக்கு, தாங்க முடியல." கூனிக்குறுகிப் போனேன். அன்று முழுக்க யார் பக்கத்திலும் உட்காரவில்லை.

போலியும் இல்லை, ஒன்றும் இல்லை. பெரிய மூலக்கூறு கொண்ட சில கஸ்தூரி வகைகளைச் சில மூக்குகளுக்குப் பிடிக்கவே தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்கு அது உரக்கக் கேட்கும், போட்டவருக்கு மௌனம். 'ஐசோ இ சூப்பர்' என்று ஒரு செயற்கைப் பொருள் இருக்கிறது. அது ஒன்றை மட்டும் வைத்து 2006ல் 'மாலிக்யூல் 01' என்று ஒரு பெர்ஃப்யூமே வந்தது. அதை முகர்ந்துவிட்டு "ஒன்றுமே இல்லையே" என்பவர்களும் உண்டு, "வந்து வந்து போகிறது" என்பவர்களும் உண்டு. போதாததற்கு, எந்த வாசனையையும் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். அதனால் உங்களுக்குத் தெரியவில்லை என்பதற்காக மேலும் மேலும் அடிக்காதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து வீட்டில் யாரையாவது கை நீளத் தூரத்தில் நிற்க வைத்து, "வாசனை வருதா?" என்று கேளுங்கள். ஆபீஸ் நாட்களில் இரண்டு ஸ்ப்ரேக்கு மேல் வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும்போதும் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகும்போதும் ஒன்றுமே வேண்டாம்.

நிஜமான போலியும் வந்தது, அடுத்ததாக. பாதி விலை என்று ஒரு இணையதளத்தில் பார்த்து 2,900 கட்டினேன். வந்த பாட்டிலில் மூடி கோணலாக இருந்தது, திரவம் ஸ்பிரிட் நெடி அடித்தது. இதற்கு மேல் அதைப் பற்றி விவரிக்க ஒன்றும் இல்லை, எரிச்சல்தான். பார்க்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். பெட்டியின் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணும் பாட்டிலின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். முறையாக இறக்குமதியானது என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி அடங்கிய ஸ்டிக்கர் இருக்கும். அது இல்லாவிட்டால் போலி என்று அர்த்தமில்லை, சூட்கேஸில் வந்த சரக்காகவும் இருக்கலாம், ஆனால் பிரச்சினை என்றால் பிடிக்க ஆள் இருக்காது. பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் சொல்லலாம். நான் சொன்னேன், பணம் வரவில்லை, ஆனால் அந்த விற்பனையாளர் பக்கம் அந்தத் தளத்திலிருந்து காணாமல் போனது. ஏதோ ஒரு அற்பத் திருப்தி.

இதற்கெல்லாம் மேலே எனக்கு உண்மையான பயத்தைக் கொடுத்தது 900 ரூபாய் ரோல்-ஆன் ஒன்று. வீட்டிலேயே தயாரித்து விற்கிறவர்களிடம் வாங்கியது. "கெமிக்கல் இல்லை, முழுக்க இயற்கை" என்று எழுதியிருந்தது. கம்பெனிகளிடம் சூடுபட்ட பிறகு அந்த வார்த்தை எனக்கு மருந்து மாதிரி இருந்தது. பெர்கமாட் எண்ணெயும் எலுமிச்சை எண்ணெயும், அருமையான வாசனை. காலையில் காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் உருட்டிக்கொண்டு கிண்டி வெயிலில் நடப்பேன். சில நாளில் கழுத்தில் எரிச்சல், அப்புறம் சிவப்பு, அப்புறம் எண்ணெய் வழிந்த கோட்டிலேயே கறுப்பு. சொட்டு விழுந்த வடிவம்கூட அப்படியே இருந்தது. தோல் மருத்துவர் பார்த்தவுடனே, "கழுத்துல என்ன தடவறீங்க?" என்றுதான் கேட்டார். பெர்கமாட் பழத்தோலிலிருந்து எடுக்கும் எண்ணெயில் பெர்காப்டென் என்கிற பொருள் இருக்கிறது. தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் அது தோலைப் பொசுக்கிவிடும், கறுப்பு பல மாதம் தங்கும். பெரிய நிறுவனங்கள் அதை நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துகின்றன, அளவுக்கும் விதி வைத்திருக்கின்றன. வீட்டில் கலக்குகிறவர்களில் பலருக்கு அது தெரியாது. டாக்டர், கிரீம், சன்ஸ்கிரீன் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் ஆனது. அது போகட்டும், அந்த ஆறேழு மாதம் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே திரிந்ததும், கல்யாண வீட்டில் ஒவ்வொரு அத்தையும் "என்னடி இது, தேமலா?" என்று கேட்டதும்தான் தாங்க முடியாமல் இருந்தது. இயற்கை என்ற சொல்லுக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை. எதையும் முதலில் முழங்கை உள்பக்கம் ஒரு சின்ன இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள், அரிப்பு வந்தால் ஒதுக்கிவிடுங்கள். வெயில் படும் தோலில் எதுவுமே வேண்டாம்.

தோல் ஆறிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் எதையும் போட முடியாததால் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்தது. அதுவரை மற்றவர்களுக்குப் பிடித்ததைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன பிடிக்கும்? ஒரு நோட்டை எடுத்து, மூக்குக்குப் பிடித்த எல்லாவற்றையும் எழுதினேன். கோடையில் மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேர். கதம்பத்தில் நடுவே செருகிய மரிக்கொழுந்து. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்த பிறகு போடும் சாம்பிராணிப் புகை. காய்ந்த மண்ணில் முதல் மழை. நூலகத்துப் பழைய காகிதம். எதிர்ப்பக்கத்தில் பிடிக்காதவை: எசன்ஸ் போட்ட கேக், ரோஸ் மில்க், பழ வாசனை ஷாம்பு. எழுதி முடித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. பிடித்த பட்டியலில் இனிப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேர், புகை, மண், கசப்புப் பச்சை. நான் வாங்கியதோ வெண்ணிலாவும் கேரமலும். பெர்ஃப்யூமுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இந்த இலவச வேலை. பிடிக்காததையும் கட்டாயம் எழுதுங்கள், அதுதான் அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

அந்தப் பட்டியல் பெர்ஃப்யூம் பெட்டிகளில் எந்தப் பெயரில் இருக்கும் என்று தெரிந்தால் தேடுவது சுலபம். வெட்டிவேர் 'வெட்டிவர்' என்றே இருக்கும், மரிக்கொழுந்து 'டவானா', சாம்பிராணி 'பென்சாயின்', சம்பங்கி 'டியூப்ரோஸ்', அகில் 'ஊத்'. வேடிக்கை என்னவென்றால் இதில் பாதி நம் பக்கத்துச் சரக்கு. டவானா எண்ணெய் தென்னிந்தியாவிலிருந்துதான் உலகத்துக்கே போகிறது. வெட்டிவேர் கடலூர் கடற்கரை மணலில் விளைகிறது, எண்ணெய்க்கு ஹெய்ட்டி பெயர் போனது. ஆனால் கடைக்குப் போய் வெட்டிவேர் கேட்டால், "அது ஜென்ட்ஸ் மேடம்" என்று ஆண்கள் அலமாரியைக் காட்டுகிறார்கள். 2006ல் வந்த 'டெர் டெர்மெஸ்' பெர்ஃப்யூம், அதற்கு வெகுகாலம் முன்பே வந்த கெர்லான் நிறுவனத்தின் 'வெட்டிவர்', இரண்டுமே அந்தப் பக்கம்தான். எங்கள் ஊரில் பாட்டிகள் துணிப்பெட்டியில் போட்டு வைத்த வேர் எப்போது ஆம்பளை ஆனது என்று தெரியவில்லை. அலமாரிப் பலகையைக் கண்டுகொள்ளாதீர்கள். இன்னொன்று, பெட்டியில் எழுதியிருக்கும் வாசனைப் பட்டியல் உள்ளே இருக்கும் பொருள்களின் பட்டியல் அல்ல. 'மழைத்துளி', 'கடல் உப்பு' என்றெல்லாம் பிழிந்து எடுக்க எதுவும் இல்லை, அது ஒரு கற்பனைக் குறிப்பு. தேடுவதற்கு உதவும், நம்புவதற்கு உதவாது.

மல்லி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் பெண்கள் முதலில் தேடுவது அதைத்தான், நானும் தேடினேன். எனக்குச் சொந்த ஊர் நிலக்கோட்டைப் பக்கம், மல்லி மார்க்கெட் வாசனையில் வளர்ந்தவள். மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மல்லியும் ஜாதிமல்லியும் வெளிநாட்டுப் பெர்ஃப்யூம் நிறுவனங்களுக்கும் போகின்றன. ஆனாலும் பாட்டிலில் வரும் மல்லி தலையில் வைக்கும் மல்லி மாதிரி இருப்பதில்லை. மொட்டு காலையில் பறிக்கப்படுகிறது, இரவில்தான் விரிகிறது. விரிய விரிய வாசனை மாறுகிறது. தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோ பூவைக் கரைப்பானில் ஊறவைத்து, மெழுகு மாதிரி ஒரு கிலோ எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவித்தான் சாறு கிடைக்கிறது. விலை எக்கச்சக்கம் என்பதால் சாதாரண பாட்டிலில் அது பேருக்குத்தான் இருக்கும், மீதி செயற்கை. மேலும் மல்லியில் இண்டோல் என்று ஒரு பொருள் இயற்கையாகவே உண்டு. தனியாக முகர்ந்தால் அந்துருண்டையும் சாக்கடையும் கலந்தது போல நாறும், ஆனால் பூவுக்குள் அந்தக் கிறக்கத்தைக் கொடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. முகம் சுளிப்பார்களே என்று பல பெர்ஃப்யூம்களில் அதைக் குறைத்துவிடுகிறார்கள், அதனால் சோப்பு போட்டுக் குளிப்பாட்டிய மல்லிதான் மிஞ்சுகிறது. நான் இந்தத் தேடலைக் கைவிட்டுவிட்டேன். மல்லி வேண்டும் என்றால் ஒரு முழம் வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் விலையும் குறைவு.

தோல் சரியான பிறகு முழு பாட்டில் வாங்குவதை நிறுத்தினேன். பெரிய பாட்டிலிலிருந்து 2 மில்லி, 5 மில்லி எனப் பிரித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சில நிறுவனங்களே சின்னக் குப்பிகளைத் தொகுப்பாகத் தருகின்றன. மில்லி கணக்கில் பார்த்தால் விலை கூடுதல்தான், ஆனால் 300 ரூபாயில் ஒரு வாரம் பழகிப் பார்க்கலாம், 9,000 தப்பிக்கும். பிரித்து விற்கிறவரை நம்ப முடியுமா என்பது ஒரு சிக்கல். முதலில் கடையில் முகர்ந்து தெரிந்த ஒரு வாசனையை அவரிடம் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்ததால் தொடர்ந்தேன். ஆல்கஹால் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் விமானக் கூரியரில் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள், சாலை வழியாகத்தான் வரும், ஒரு வாரம், பத்து நாள் ஆகும், பொறுமை வேண்டும். கையில் வந்ததும் நான் செய்வது: ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, வேலைநாளில், அதே ரயில், அதே வெயில். அடித்த உடனே, காபி நேரத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டுக்கு வந்ததும் நோட்டில் இரண்டு வார்த்தை. "முகர்ந்தால் பசி போகிறது", "டாக்டர் கிளினிக்", "சித்தப்பா" என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அழகாக எழுதத் தேவையில்லை. மூன்று முறை போட்ட பிறகும் நாலாவது முறை தானாகக் கை அதை எடுத்தால் அது நமக்கானது. பெட்டியில் எழுதியிருக்கும் ஓ டி டாய்லெட், ஓ டி பர்ஃபம் என்ற வித்தியாசத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். இரண்டாவதில் பொதுவாக வாசனை எண்ணெய் அதிகம், ஆனால் எவ்வளவு என்று கட்டாய அளவு கிடையாது, ஒரே பெயரில் வரும் இரண்டும் வெவ்வேறு கலவையாகவே இருப்பதும் உண்டு. நம் வெயிலுக்கு எனக்குப் பெரும்பாலும் முதலாவதே ஒத்துவந்தது.

அத்தருக்கு வந்தது கடைசியில். திருவல்லிக்கேணி பெரிய மசூதிப் பக்கம் இருக்கும் அத்தர்க் கடைகளில் அவசரப்படுத்தாமல் காட்டுகிறார்கள், கண்ணாடிக் குச்சியால் மணிக்கட்டில் ஒரு தொடு தொட்டுவிட்டுப் பேச்சுக் கொடுக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செம்புக் கொப்பரையில் பூவும் நீரும் போட்டு, களிமண்ணால் வாயை அடைத்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியை இறக்கிச் சந்தன எண்ணெயில் பிடிப்பது பழைய முறை. இப்போது சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாய்க்கு மேல் என்பதால் பெரும்பாலும் வேறு மலிவான எண்ணெயில்தான் பிடிக்கிறார்கள். நான் 150 ரூபாய்ச் சந்தன அத்தரைக் காட்டி நிஜமா என்று கேட்டபோது கடைக்கார பாய் சிரித்துவிட்டார். "நெஜ சந்தனம்னா இந்த வெலைக்கு நானே வாங்கி வெச்சுக்குவேம்மா. இது வாசனைக்கு, அது வேற." அப்படி நேராகச் சொல்கிற கடையில்தான் வாங்க வேண்டும். சுட்ட களிமண்ணை வடித்து எடுக்கும் 'மிட்டி' அத்தரை அவர் தொட்டுக் காட்டியபோது கடையிலேயே கண் கலங்கியது, வெட்கமாகப் போய்விட்டது. 3 மில்லிக் குப்பி வாங்கினேன். வெட்டிவேரில் பச்சை சாயலோடு ஒன்று வைத்திருக்கிறார். செம்பில் வடிப்பதால் அந்த நிறம் வரும் என்றார். அதுவும் வாங்கினேன். அத்தரில் ஆல்கஹால் இல்லை, காற்றில் அவ்வளவாகப் பரவாது, நெருங்கி வருகிறவருக்கு மட்டும் தெரியும். லிஃப்ட்டில் யாருக்கும் தலைவலி இல்லை.

போட்டுக்கொள்ளும் விதத்திலும் கொஞ்சம் மாற்றினேன். கழுத்துக்குப் பதில் சட்டைக்கு உள்பக்கம், இடுப்புக்கு மேலே, வெயில் படாத இடத்தில். குளித்த உடனே, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவிய பிறகு போட்டால் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறது. தேங்காய் எண்ணெய் மேலே வேண்டாம், அதன் வாசனை எல்லாவற்றையும் ஜெயித்துவிடும். மணிக்கட்டைத் தேய்த்தால் வாசனை 'உடைந்துவிடும்' என்பது கட்டுக்கதை, சூட்டில் மேல்வாசனை சற்று வேகமாகப் போகும், அவ்வளவுதான். பருத்தித் துணியில் வாசனை நாளெல்லாம் நிற்கும். பட்டுப்புடவையில் மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள், கறை விழும், ஜரிகை கறுக்கும். அத்தரும் அப்படியே, எண்ணெய்க் கறை போகாது. பாட்டிலை குளியலறையிலும் ஜன்னலோரக் கண்ணாடி மேஜையிலும் வைக்கக்கூடாது. சூடும் வெளிச்சமும் வாசனையைக் கெடுக்கும். பீரோவில், அதன் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

பிடிக்காமல் மீந்த பாட்டில்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் பேட்ச் எண் தெரியப் படம் எடுத்து, எவ்வளவு மீதம் என்று உண்மையைச் சொல்லி, தெரிந்தவர்களிடமே பாதி விலைக்குக் கேளுங்கள். என் மாலில் வாங்கிய பாட்டில் ஆபீஸில் ஒரு தம்பிக்குப் போனது, அவன் தோலில் அது நான் சொன்ன துரு வாடையே இல்லாமல் நன்றாக இருக்கிறது. கஸ்தூரியை மைக்ரேன் பெண் இருக்கும் தளத்துக்கு எதிர்ப்பக்கம் வேலை பார்க்கும் ஒருத்தி வாங்கிக்கொண்டாள், ஒரு அழுத்துக்கு மேல் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு. அந்தப் பணத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்கி 25 மில்லியாகப் பிரித்துக்கொண்டோம். பிரிக்கும்போது வாசனை வழியாமல் இருக்க ஊசி இல்லாத சிரிஞ்ச் மெடிக்கல் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். குப்பியில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து எது எது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.